ஓகே என்று சொல்லிவிட்டேன்

பதினோரு வருடமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு நான் கேட்பது மாறியதே இல்லை. "பெல்ட் போட்டாச்சா? கால் வார் மாட்டியாச்சா? சப் டீக் ஹை?" எதிரே அறுபது எழுபது பேர் நிற்பார்கள். ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, கொஞ்சம் நம் விழுப்புரம், திருவண்ணாமலை. எல்லோரும் ஒரே குரலில் "டீக் ஹை சாப்", எல்லாம் சரி சார், என்பார்கள். நான் பதிவேட்டில் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, உயர வேலைக்கான பெர்மிட்டில் என் கையெழுத்தைப் போடுவேன். அவர்கள் மேலே போவார்கள். நான் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன்.

கட்டுமான சைட்டில் பாதுகாப்பு அதிகாரியின் வேலை பெரும்பாலும் இதுதான். எங்கள் சைட்டில் 2 மீட்டருக்கு மேலே ஏறினாலே ஃபுல் பாடி ஹார்னஸ் கட்டாயம். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, பெல்ட் என்றால் பெல்ட். அதில் இரண்டு கயிறு, இரண்டு ஹூக். ஒன்றைக் கழற்றி அடுத்த இடத்தில் மாட்டும் வரை இன்னொன்று மாட்டியபடியே இருக்க வேண்டும். தோள் வார், மார்பு வார், கால் வார் என்று மூன்று கட்டு. மார்பு வாரை எல்லோரும் மாட்டிவிடுவார்கள், கீழேயிருந்து பார்க்கிற என் கண்ணுக்குத் தெரிவது அதுதான். கால் வார்தான் தகராறு. தொடையை அறுக்கும், குனிந்து கம்பி கட்ட விடாது, ஒதுங்கப் போனால் கழற்றி மாட்ட வேண்டும். அதனால் பின்பக்கம் வால் மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பார்கள். கால் வார் இல்லாமல் விழுந்தால் பெல்ட் மேலே நின்றுவிடும், ஆள் அதிலிருந்து உருவிக்கொண்டு கீழே வந்துவிடலாம். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டிப்போனது.

பழைய மகாபலிபுரம் சாலையில் இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றை ஒப்படைத்து முடித்ததும், நான்கு பேர் லீவு போட்டு நேபாளத்துக்குக் கிளம்பினோம். நான், சைட் இன்ஜினியர் தம்பி, சர்வேயர், ஐம்பத்திரண்டு வயது ஸ்டோர் அண்ணன். பொக்காரா என்று முடிவு செய்தது தம்பிதான். சென்னையிலிருந்து கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து சோனௌலி எல்லை, அதை நடந்து தாண்டினால் பைரஹவா, அப்புறம் பால்பா மலைகள் வழியாக ஒரு பகல் முழுக்கப் பஸ். அந்தப் பாதையில் தடுப்புச் சுவர் இல்லாத வளைவுகளை எண்ண ஆரம்பித்து நாற்பதோடு விட்டுவிட்டேன். ஸ்டோர் அண்ணன், "லீவுலயுமா சார் ஆடிட் பண்ணுவீங்க?" என்றார்.

எல்லை தாண்டியதும் கைபேசி தானாகப் பதினைந்து நிமிடம் முன்னே ஓடியது. நேபாளத்தின் நேரம் நம்முடையதைவிடக் கால் மணி முன்னால். என் கைக்கடிகாரம் மட்டும் இந்தியாவிலேயே நின்றது. அதை நம்பி அங்கே இரண்டு முறை தாமதமாகப் போய் நின்றேன்.

பொக்காரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர்தான். நம் ஏற்காடு அதைவிட உயரம். ஆனால் பேவா ஏரிக்கரையில் நின்று வடக்கே திரும்பினால், நடுவில் பெரிய மலை எதுவும் மறைக்காமல், அன்னபூர்ணா தொடர் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. அதில் மிக உயர்ந்தது 8,091 மீட்டர். கண்ணை இழுப்பது மட்டும் அதுவல்ல, அதைவிட உயரம் குறைந்த மச்சபூச்சரே. மச்சம், புச்சம், மீன்வால் என்று நமக்கே புரிந்துவிடும். 6,993 மீட்டர். 1957-இல் ஒரு பிரிட்டிஷ் குழு அதில் ஏறி, உச்சிக்குச் சுமார் 50 மீட்டர் கீழே திரும்பிவிட்டது. அங்குள்ளவர்களுக்கு அது புனித மலை, உச்சியில் கால் வைப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏறினார்களாம். அப்புறம் அந்த மலையில் ஏற யாருக்கும் அனுமதி கிடையாது. 50 மீட்டர் மிச்சம் இருக்கும்போது வேலையை நிறுத்திய ஆட்கள்! எங்கள் சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போது மழை வருகிறது, நிறுத்துங்கள் என்று சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் அதன் அருமை.

தம்பி போட்ட பட்டியலில் துணி விதானத்தில் தொங்கிப் பறக்கும் பாராகிளைடிங், கம்பியில் சறுக்கும் ஜிப்லைன், கயிறு கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கும் பங்கி மூன்றும் இருந்தன. நான் படகு போதும் என்றேன். யாரும் கேட்கவில்லை.

நாங்கள் போனபோது பாராகிளைடிங் கிளம்பிய இடம் சாரங்கோட் மலை. ஏரியிலிருந்து ஜீப்பில் அரை மணி நேரம் போல, உயரம் ஏறக்குறைய 1,600 மீட்டர். முதல் நாள் நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது மேகம் வந்து சரிவை மூடியிருந்தது. பத்துப் பதினைந்து பைலட்கள் புல்தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவ்வப்போது எழுந்துபோய்க் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாயைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆனது. மேகம் ஒருமுறை விலகியது, தம்பி குதித்து எழுந்தான். அவர்கள் எழவில்லை. இன்னும் அரை மணி கழித்து, இன்று இல்லை என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் மூட்டையைக் கட்டினார்கள். அவ்வளவுதான். யாரும் யாருக்கும் போன் போட்டுக் கத்தவில்லை. பறந்தால்தான் அவர்களுக்குக் கூலி என்று ஜீப்பில் இறங்கும்போது தெரிந்துகொண்டேன். அன்று இரவு எனக்கு அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. காற்று அதிகம், கிரேனை நிறுத்துங்கள் என்று சொன்னதற்காக நான் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகப் பேச்சு வாங்கியிருக்கிறேன்!

மறுநாள் வானம் துடைத்த மாதிரி இருந்தது. அலுவலகத்தில் நீட்டிய படிவத்தை முழுக்கப் படித்தேன். என்ன நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்பதைத்தான் இரண்டு பக்கம் சுற்றி எழுதியிருந்தார்கள். பைலட்டின் உரிம அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன், தேதி முடியவில்லை. ஹெல்மெட்டைத் திருப்பி விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன். வார்களின் தையலை விரலால் தடவிப் பார்த்தேன். சர்வேயர் இதையெல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார், ஊருக்குப் போய்ப் போட்டுக்காட்ட.

எனக்கு வாய்த்த பைலட் முப்பது வயது இருக்கக்கூடிய ஒரு குருங் இன இளைஞர். அங்கே அண்ணனைத் தாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், பைலட் தாய், டிரைவர் தாய். முதல் நாள் முழுக்க ஸ்டோர் அண்ணன் ஆம்பளையைப் போய்த் தாய் என்பதா என்று சிரித்தார், மறுநாளிலிருந்து அவரும் அப்படியே கூப்பிட்டார். பைலட்டின் தாத்தா இந்திய ராணுவத்தில் கூர்க்கா சிப்பாயாக இருந்தவராம். பொக்காராவில் அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம், நம் ராணுவத்தின் ஓய்வூதிய அலுவலகமே அங்கே இருக்கிறது. சின்ன வயதில் எங்கள் தெருவில் இரவில் விசிலடித்துப் போன கூர்க்காவைத் தவிர எனக்கு நேபாளத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, சொல்லவில்லை.

எனக்கு வாரை மாட்டிவிட்டபோது அவர் முதலில் கை வைத்தது கால் வாரில்தான். இரண்டு காலையும் பூட்டிய பிறகுதான் மார்பு. இறங்கியதும் கழற்றுவது அதற்கு நேர் தலைகீழ், கால் வார் கடைசி. பாராகிளைடிங் செய்பவர்கள் மத்தியில் கால் வாரை மறந்து கிளம்பி உயிரை விட்ட கதைகள் உண்டு, அதனால்தான் இந்த வரிசை என்றார். எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போயிற்று.

அப்புறம் என்னை முன்னால் நிறுத்தித் தனக்குப் பின்னால் விதானத்தை விரித்தார். நான் சரிவைப் பார்த்தபடி நின்றேன். புல், அதற்கப்புறம் மரங்களின் தலை, அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. வெகு கீழே ஏரி. நூற்றுக்கணக்கான முறை ஹாய்ஸ்ட் என்கிற சைட் லிஃப்டில் இருபதாவது மாடிக்குப் போயிருக்கிறேன். அங்கே காலடியில் தளம் இருக்கும், ஓரத்தில் தடுப்புக் கம்பி இருக்கும், நான் அதற்கு உள்ளே நிற்பேன். விளிம்புக்கு வெளியே போகிறவன் எப்போதும் வேறு ஒருவன்.

பைலட் பின்னாலிருந்து ஏதோ கேட்டார். "ஓகே" என்றேன். இன்னொன்று கேட்டார். அதற்கும் "ஓகே".

அவர் என்ன கேட்டார் என்று என் காதில் விழவே இல்லை. சத்தியமாக விழவில்லை. காற்றுச் சத்தம் கேட்டது, என் நெஞ்சு அடித்துக்கொண்டது கேட்டது. வாய் தானாக ஓகே சொன்னது. ஓகே சொன்னால் இது சீக்கிரம் முடிந்துவிடும் என்பதைத் தவிர உள்ளே வேறு எண்ணமே இல்லை.

நல்லவேளை, அவர் என் ஓகேயைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து இரண்டு தொடை வாரையும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார், தோளில் இரண்டு பக்கக் கொக்கியையும் தட்டினார். பிறகு முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்து, "நான் ஓடு என்றதும் நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று இந்தியில் கேட்டார். ஓடுவேன் என்றேன். "எது வரைக்கும்?" எனக்குத் தெரியவில்லை. கால் தரையை விட்ட பிறகும் ஓட வேண்டும், நான் சொல்லும் வரை உட்காரக் கூடாது என்றார். அதைத் திரும்பச் சொல்ல வைத்தார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி திரும்பச் சொன்னேன்.

ஓடினேன். மூன்றாவது எட்டில் பின்னாலிருந்து ஒரு இழுப்பு, உடம்பு உட்கார் உட்கார் என்று கெஞ்சியது. பாதிப்பேர் அந்த இடத்தில்தான் உட்கார்ந்து புல்லில் சறுக்கி விழுவார்களாம். இன்னும் நான்கு எட்டு, அதில் கடைசி இரண்டும் காற்றில்.

மேலே போனதும் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. சாரங்கோட்டின் தெற்குச் சரிவு வெயிலில் காய்ந்து சூடாக, அந்தச் சூட்டில் காற்று மேலே எழும்புகிறது. பைலட்டுக்கு அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பருந்துகளுக்குத் தெரியும். இறக்கையை அசைக்காமல் ஒரு பருந்து வட்டமடித்து ஏறிக்கொண்டிருந்த இடத்துக்கு எங்களைக் கொண்டுபோனார். அவர் வைத்திருந்த சிறு கருவி பீப் பீப் என்று வேகமெடுத்தது. ஏறுகிறோம் என்று அர்த்தம். ஒரு சுற்றில் மீன்வால் மலை, அடுத்த சுற்றில் ஏரி. ஏரி நடுவே தால் பாராகி கோயில் இருக்கும் தீவு பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. பத்தாவது சுற்றில் என் வயிறு புரண்டது. ஸ்டோர் அண்ணனுக்குப் புரண்டதோடு நிற்கவில்லை, அவருடைய பைலட்டிடம் இன்றுவரை நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஜிப்லைனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுமார் 1.8 கிலோமீட்டர் கம்பி, மலையிலிருந்து பள்ளத்தாக்குக்குச் சறுக்கல், நாற்காலியில் கட்டிவைத்து விட்டுவிடுகிறார்கள். நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சரக்கு மூட்டை மாதிரி போய்ச் சேரலாம். பங்கிக்குத் தம்பி மட்டும் போனான். அவனை எடை போட்டு, அந்த எண்ணை அவன் புறங்கையில் பேனாவால் எழுதினார்கள். மேலே கயிறு மாட்டுகிறவர் கையைப் பார்த்துவிட்டு மறுபடி எடை போட்டார். எடைக்குத் தக்க கயிறு, அதில் தப்பு நடக்கக் கூடாது. காகிதத்தில் எழுதினால் காகிதம் மாறிப்போகும், கை மாறாது. இந்த யோசனையை நான் அப்படியே திருடிக்கொண்டு வந்தேன்.

ஊருக்குத் திரும்பிப் புது சைட்டில் சேர்ந்த முதல் திங்கட்கிழமை. வழக்கம்போல எழுபது பேர். வாயைத் திறந்தேன், "சப் டீக் ஹை?" வரவில்லை. எதிரே நின்ற முகங்களைப் பார்த்தேன். வேலைக்கு வந்து நான்கு நாள் ஆன பையன்கள் சிலர் இருந்தார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக வெளிச் சாரத்தில் ஏறப் போகிறவர்கள். நான் கேட்டிருந்தால் அவர்களும் டீக் ஹை சொல்லியிருப்பார்கள். பதினோரு வருடத்தில் எத்தனை டீக் ஹை என்று கணக்குப் போடத் தோன்றியது. போடவில்லை.

அன்றிலிருந்து கூட்டமாகக் கேட்பதை நிறுத்திவிட்டேன். இரண்டிரண்டு பேராக நிற்கச் சொல்கிறேன், ஒருவன் கால் வாரை இன்னொருவன் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். புதிதாக வந்தவனிடம் மட்டும் நான் தனியாகப் போய், ஹூக்கை எங்கே மாட்டுவாய், காட்டு என்கிறேன். பன்னிரண்டு நிமிடம் கூடுதலாக ஆகிறது. புராஜெக்ட் மேனேஜர் அந்தப் பன்னிரண்டை எழுபதால் பெருக்கி எத்தனை மணி நேரம் வீண் என்று மெயில் அனுப்பியிருக்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. என் தரப்பில் எண் எதுவும் இல்லை. நான் ஓகே சொன்ன கதைதான் இருக்கிறது, அதை மெயிலில் எப்படி எழுதுவது?

இதற்குள் சர்வேயர் ஒரு வேலை செய்துவிட்டார். நான் ஓடத் தொடங்கிய நொடியில் எடுத்த படத்தைப் பெரிதாக அச்செடுத்துப் பயிற்சி நடக்கும் கன்டெய்னரில் ஒட்டிவிட்டார். கண் இறுக மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. தொழிலாளர்களுக்கு ஒரே கொண்டாட்டம். கிழிக்கலாமா என்று நினைத்தேன், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜார்க்கண்ட் பையன் ஒருவன் மட்டும் சிரிக்காமல் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் வந்து, "சாப், இதில் ரெண்டாவது ஹூக் எங்கே?" என்று கேட்டான்.

இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அது போக அவசரத்துக்கு ஒரு சின்னப் பாராசூட் மடித்து வைத்திருப்பார்கள் என்றேன்.

"அதை எப்போ மடிச்சாங்கன்னு பார்த்தீங்களா சாப்?"

பார்க்கவில்லை. அந்தப் பாராசூட்டைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரித்து மடிக்க வேண்டும், அதற்குத் தேதி உண்டு. உரிமம், ஹெல்மெட், தையல் எல்லாம் பார்த்தேன், அதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவன் அப்போதுதான் சிரித்தான்.