தொட்டிக்குள் அத்தை

ஜெர்மனியில் குளியலறைத் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக வழி வைப்பதில்லை. ஸ்டுட்கார்ட் வந்த இந்த ஆறு வருடங்களில் அது எனக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. தொட்டிக்குள் நின்று குளித்து, தொட்டிக்குள்ளேயே துவட்டிக்கொண்டு, பூனை மாதிரி வெளியே வந்துவிடுவேன். திருநெல்வேலியிலிருந்து அத்தை, அதாவது மனைவியின் அம்மா, வந்த பிறகுதான் விவகாரமே ஆரம்பித்தது.

மகள் பிறந்த மூன்றாம் நாள் வந்து இறங்கினார். விசா 90 நாளுக்கு. பெட்டியில் சுக்கு, பூண்டு, வசம்பு, காய்ச்சிய தேங்காய் எண்ணெய். மீதமிருந்த இடத்தில் நான்கு சேலைகள்.

இங்கே பிரசவித்த பெண்ணின் வீட்டுக்கு முதல் பத்து நாளும் மருத்துவச்சி தினமும் வந்து பார்க்கலாம். செலவைக் காப்பீடே ஏற்றுக்கொள்ளும். எங்களுக்கு வாய்த்தவர் நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். வந்ததும் பையிலிருந்து கொக்கித் தராசை எடுத்தார். குழந்தையைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்கவிட்டார்.

"புளி நிறுப்பது போல் நிறுக்கிறாளே!" என்று அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மருத்துவச்சி உரத்த குரலில் 3,180 கிராம் என்றதும், எடையை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது, கண் பட்டுவிடும் என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான்தான் அதை ஏற்கெனவே மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டிருந்தேனே.

போகும்போது மருத்துவச்சி, தொப்புள்கொடி விழுந்த பிறகு வாரத்துக்கு ஒரு முறை குளிப்பாட்டினால் போதும், மிஞ்சிப் போனால் இரண்டு முறை என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"யாருக்கு?" என்றார் அத்தை.

குழந்தைக்குத்தான் என்றேன். ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் அனுபவக் குறைவு.

கொடி விழுந்த மறுநாள் காலை. நான் அடுக்களையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். குளியலறையில் அத்தை ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டி, அவற்றின் மேல் பேத்தியைக் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து, இளஞ்சூடாக இரண்டு வாளி தண்ணீரை ஊற்றியிருக்கிறார். இடையில் மூக்கைப் பிடித்துவிடும் வைபவமும் நடந்தது. "இப்போதே பிடித்துவிட்டால்தான் உண்டு, பிறகு அப்படியே நின்றுவிடும்" என்று சொன்னவர், எட்டிப் பார்த்த என் மூக்கை ஒரு கணம் அதிகமாகவே பார்த்தார்.

அப்போதுதான் என் காலில் ஈரம் பட்டது. தண்ணீர் வாசற்படியைத் தாண்டி மரத்தரைக்கு வந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்த அத்தனை துண்டுகளையும், கடைசியில் என் பட்டுக்கரை வேட்டியையும் போட்டு அணை கட்டினேன்.

அழைப்பு மணி. கீழ்வீட்டுப் பாட்டியம்மாள்.

"உங்கள் வீட்டில் மழை பெய்கிறதா?" என்று நிதானமாகக் கேட்டார். அவர் குளியலறைக் கூரையில் தட்டு அகலத்துக்கு ஈரமாம். நான் மன்னிப்புக்கு ஜெர்மன் சொற்களைத் தேடுவதற்குள், பின்னால் துண்டில் சுற்றிய குழந்தையோடு அத்தை வந்து நின்றார். கீழ்வீட்டம்மாளின் முகம் மாறியது. "குழந்தைக்குத் தொப்பி எங்கே?"

அப்போது ஜூலை மாதம். வெளியே 31 டிகிரி.

இந்த ஊரில் பிறருக்கு நேரும் சேதத்துக்கென்றே பெரும்பாலோர் ஒரு காப்பீடு வைத்திருப்பார்கள். 'சேதம் எப்படி நேர்ந்தது?' என்ற கேள்விக்குப் படிவத்தில் இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள். நீட்டிய கால், குப்புறக் கிடக்கும் குழந்தை, இரண்டு வாளி, மூக்கு. எழுதி முடித்தபோது தனித்தாள் இணைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அத்தையே தீர்வு கண்டுபிடித்தார்: பழைய சேலையோடு குளியல் தொட்டிக்குள் இறங்கி, கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. குழந்தையை வாங்கி மனைவியிடம் கொடுத்தேன். அத்தையால்தான் எழ முடியவில்லை. தொட்டி வழுக்கியது. மனைவியோ பிரசவித்த உடம்புக்காரி, தூக்கக் கூடாது. மாப்பிள்ளை கை கொடுத்து மாமியாரைத் தூக்குவதா? "நீங்கள் போங்கள் மாப்பிள்ளை, நான் மெதுவாக வருகிறேன்" என்று கால் மணி நேரம் உள்ளேயே இருந்தார்.

மருத்துவச்சி வந்தார். கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றுமே கேட்கவில்லை. இரண்டு கைகளையும் அத்தையின் கக்கத்தில் கொடுத்து ஓர் இழுப்பு. வெளியே எடுத்துப் பழகிய கை அல்லவா! பிறகு தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, வாரத்துக்கு எத்தனை குளியல் என்று என்னிடம் கேட்டார். நான் கூசாமல் ஒரு விரலைக் காட்டினேன். எனக்குப் பின்னால் நின்று அத்தை ஏழு விரல்களைக் காட்டியது பிறகுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை எங்கள் கதவில் இரண்டு பொருள்கள் தொங்கின. ஒன்று, 'கேர்வோகெ' அட்டை: இந்த வாரம் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்கும் முறை எங்களுடையது. இன்னொன்று, கையால் பின்னிய மஞ்சள் கம்பளித் தொப்பி.

அத்தை தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னல் சுத்தமாக இருக்கிறது" என்றார். பிறகு, "அந்த அம்மாளின் மூக்கைக் கவனித்தீர்களா மாப்பிள்ளை? சின்ன வயதில் யாரோ ஒழுங்காகப் பிடித்துவிட்டிருக்கிறார்கள்."