பகல் ஒன்றரை மணிக் கச்சேரி

சென்னையின் டிசம்பர் இசைவிழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக மாலைக் கச்சேரிகளிலிருந்தே தொடங்குவார்கள். யார் எந்த சபாவில் எந்த ராகத்தை விரித்தார், அரங்கு நிறைந்ததா, கேன்டீனில் கூட்டம் எப்படி என்பதோடு அந்தக் கட்டுரைகள் முடிந்துவிடும். ஒலியமைப்புத் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கும் எனக்கோ அந்த விழா பகல் 12 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் நடப்பதாகவே மனத்தில் பதிந்திருக்கிறது. புதிதாக மேடையேறுகிறவர்களைப் பெரும்பாலான சபாக்கள் அந்த வேளையில்தான் பாட வைக்கின்றன. அனுபவம் குறைந்த ஒலிப்பணியாளர்களும் அந்த வேளைக்குத்தான் அனுப்பப்படுகிறார்கள். பாடுகிறவரும், ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் மிக்சர் கருவிக்குப் பின்னால் நிற்பவரும் ஒரே நேரத்தில் தொழில் பழகும் இடம் அது. இன்று மாலைக் கச்சேரிகளும் எனக்கு வருகின்றன என்றாலும் மதிய வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

மேடைக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. மியூசிக் அகாடமி 1928இல் தொடங்கப்பட்டது. திருவல்லிக்கேணியில் பிறந்த பார்த்தசாரதி சுவாமி சபா அதற்கும் மூத்தது. தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று எழுந்த தமிழ் இசைச் சங்கம் 1943இல் வந்து, இன்றும் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தன் விழாவை நடத்துகிறது. இவை போக மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நூறு, இருநூறு பேர் அமரும் சிறு அரங்குகள் ஆண்டு முழுவதும் இயங்குகின்றன. 2017இல் யுனெஸ்கோ தன் படைப்பு நகரங்களின் வரிசையில் சென்னையை இசைக்காகச் சேர்த்தபோது எங்கள் தொழிலில் யாரும் வியப்படையவில்லை. என் குறை வேறு. இத்தனை மேடைகளைத் தரும் ஊர், அந்த மேடையில் ஓர் இளைஞருக்குத் தன் குரல் தனக்குக் கேட்பதற்கான ஏற்பாட்டைச் செய்துதருவதில்லை. இளம் பாடகர்கள் கத்துகிறார்கள், பக்கவாத்தியங்கள் அடித்து நொறுக்குகின்றன என்று மூத்த ரசிகர்கள் அலுத்துக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன். அந்தக் கத்தலில் பெரும்பகுதி மேடையின் ஒலியால் விளைவது என்பது என் அனுபவம்.

மதியக் கச்சேரி எப்படித் தொடங்குகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். ஒன்றரை மணிக்குத் தொடங்க வேண்டிய கச்சேரிக்கு முந்தைய கச்சேரியின் மங்களம் ஒன்று இருபத்தைந்துக்கு முடிகிறது. திரை இறங்கியதும் ஒரு குழு எழுந்துகொள்ள, அடுத்த குழு உட்கார, இரண்டு குழுவினரின் உறவினர்களும் மேடையோரத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். மிருதங்கக்காரர் கல்லாலும் மரக்கட்டையாலும் தட்டிச் சுருதி சேர்க்கத் தொடங்குகிறார். வெளியே வெயிலில் ஆட்டோவில் வந்த வாத்தியம் குளிரூட்டிய மேடைக்கு வந்ததும் சுருதி நகர்ந்திருக்கும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பிய ரவை காயக் காய நாதமும் மாறும். அவருக்கே ஐந்து நிமிடம் போதாது. வயலின்காரர் கைப்பேசியில் ஓடும் தம்புராவைத் தன் காதருகே வைத்துக்கொண்டு சேர்த்துக்கொண்டிருப்பார். இதற்கு நடுவில் பாடகர் மைக்கைப் பார்த்து ஒருமுறை ‘ஸ, ப, ஸ’ என்று பாடிவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் தலையசைக்கிறேன். சவுண்ட் செக் முடிந்தது. திரை மேலே போகிறது.

அரங்கு அப்போது காலியாக இருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டாம். அதன் விளைவைத்தான் சொல்ல வேண்டும். மனித உடலும் உடையும் ஒலியை நன்றாக உறிஞ்சும். மாலையில் நிரம்பி வழியும் அரங்கில் ஒரு சொல் தெளிவாக விழுந்து அடங்கிவிடும். அதே அரங்கில் மதியம் முப்பது பேர் இருக்கும்போது அந்தச் சொல் சுவரில் பட்டு, காலி நாற்காலிகளின் முதுகில் பட்டு, மேடைக்கே திரும்பி வந்து அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பி நாதம் இதில் மிகவும் மோசமாகப் பாதிக்கப்படும். தாழ்ந்த ஒலி எளிதில் அடங்காது. கேட்பது கலங்கலாக இருக்கிறது என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றும் மருந்து சத்தத்தைக் கூட்டுவதுதான். கூட்டக் கூட்டக் கலங்கல் அதிகமாகும். காலி அரங்கில் ஒலியைக் குறைத்தால்தான் பாட்டின் சாகித்தியம், அதாவது சொற்கள், புரியும் என்பதை ஒரு சபா நிர்வாகிக்குப் புரிய வைப்பதை விட நாதஸ்வரத்துக்கே உரிய மல்லாரியை மவுத் ஆர்கனில் வாசித்துவிடலாம்.

ஒரு கச்சேரியை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். பாடியவர் கல்லூரி மாணவி. ஐந்து கட்டை சுருதி. தொடக்கப் பாட்டான வர்ணத்தின் முதல் பாதியிலேயே, மேல் ஸ்தாயியான தாரஸ்தாயியில் குரலை அழுத்தத் தொடங்கிவிட்டார். மூன்றாவது வரிசையில் அமர்ந்திருந்த அவருடைய தந்தை திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக் கையை மேலே தூக்கிக் காட்டினார். பிறகு எழுந்தே வந்துவிட்டார். “சார், குழந்தை குரல் எடுபடவே இல்லையே, கொஞ்சம் ஏத்துங்கோ.” அரங்கில் குரல் போதிய அளவுக்கு எடுபட்டுக்கொண்டுதான் இருந்தது. எடுபடாத இடம் மேடை. மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வைக்கும் ஒலிபெருக்கிதான் மானிட்டர்; அந்த மாணவிக்கு முன்னால் இருந்த மானிட்டரில் முந்தைய குழு கேட்டிருந்தபடி மிருதங்கமும் வயலினும் தம்புராவும் நிறைந்திருந்தன. அடுத்த பாட்டுக்கு முன் மானிட்டரிலிருந்து மிருதங்கத்தை முழுவதுமாக எடுத்தேன். அது அவருக்கு மூன்றடி தூரத்தில் நேராகவே கேட்கும். தம்புராவைப் பாதியாக்கினேன். குரலை ஏற்றவே இல்லை. தந்தை திருப்தியாக இருக்கையில் போய் அமர்ந்தார், நான் ஏற்றிவிட்டேன் என்ற எண்ணத்தில்.

மாற்றம் உடனே வந்துவிடவில்லை. கீர்த்தனையின் பல்லவி வரை பழைய அழுத்தமே இருந்தது. தொண்டைக்கு அது பழகிவிட்டிருந்தது. அனுபல்லவியில் ஓரிடத்தில் அவர் தற்செயலாகக் குரலைத் தணித்தார். தணித்ததும் தன் கமகம் தனக்கே கேட்டிருக்க வேண்டும், சட்டென்று மானிட்டரைக் குனிந்து பார்த்தார். அதன் பிறகு வந்த கல்யாணி ஆலாபனையில் காந்தாரத்தில் நின்றபோது அவசரம் போய்விட்டிருந்தது. வயலின்காரரும் அதற்கேற்பத் தணிந்தார். மிருதங்கம் வாசித்த இளைஞர் தனி ஆவர்த்தனம் வரை விரல்களிலேயே வாசித்தார். இவ்வளவும் நிகழ்ந்தது மிக்சரில் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர்களை இறக்கியதால். அந்த மாணவியின் பயிற்சி முன்பே அவரிடம் இருந்தது. கச்சேரி முடிந்ததும், “அண்ணா, இன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டல” என்று சொல்லிவிட்டுப் போனார். இசை விமரிசனங்களில் இடம்பெறாத பாராட்டு அது.

மைக்கை ஒரு வாத்தியம்போலக் கற்றுக்கொடுக்கும் வழக்கம் குருகுலத்திலும் இல்லை, இசைக் கல்லூரிகளிலும் பெரிதாக இல்லை. நாம் மேடையில் வைக்கும் பெரும்பாலான மைக்குகள் முன்னாலிருந்து வரும் ஒலியை வாங்கிப் பின்னாலிருந்து வருவதைத் தள்ளும் வகையைச் சேர்ந்தவை. அவற்றை நெருங்கினால் தாழ்ந்த ஒலிகள் தடிக்கும், விலகினால் மெலியும். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரல் கீழ் ஸ்தாயியான மந்தரத்துக்கு இறங்கும்போது அரையடி நெருங்கி வருவதும், தாரஸ்தாயியில் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்வதும் மூத்த வித்வான்களுக்கு மூச்சுவிடுவதுபோல் இயல்பாக வரும். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தைய தலைமுறை உயர்ந்த சுருதியில் குரலை எறிந்து பாடி, கடைசி வரிசைக்குக் கேட்க வைத்தது; அதற்கு ஏற்ப அவர்களுடைய குரல் வளர்ந்தது. இன்றைய இளைஞர் மைக்கோடு பாடுகிறார், ஆனால் பாடத்தை மைக் இல்லாத அறையில் கற்கிறார். மேடைக்கு வந்ததும் தலையை ஆட்டி ஆட்டிப் பாடும்போது குரல் வருவதும் போவதுமாக இருக்கும். அதைத் துரத்திக்கொண்டே என் விரல்கள் ஃபேடரில் ஓடிக்கொண்டிருக்கும். பக்கவாத்தியங்களின் போட்டி இதற்கு மேல் வருகிறது: பாடகர் மானிட்டரில் குரலை ஏற்றச் சொன்னால் வயலின்காரர் தன்னையும் ஏற்றச் சொல்வார், இருவரும் ஏறியபின் மிருதங்கம் ஏறும், கடைசியில் எல்லாம் சேர்ந்து ஊளையிடும். ஊளை வந்தால் அரங்கு முழுவதும் திரும்பிப் பார்ப்பது என்னைத்தான்.

2020 டிசம்பரில் கொரோனாவால் விழா பெரும்பாலும் இணையத்துக்குப் போனது இளைஞர்களுக்கு எதிர்பாராத நன்மை ஒன்றைச் செய்தது. ரசிகர் இல்லாத அரங்குகளில் பதிவு செய்தோம். பதிவு என்பதால் நிதானமாக மைக் வைத்தோம். பாடி முடித்தவர்கள் ஹெட்ஃபோனில் தங்களைக் கேட்டார்கள். முகம் சுருங்கியவர்களும் உண்டு. அதற்குப் பின் மேடைக்கு வருகிறவர்கள் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறார்கள்: “மானிட்டர்ல வாய்ஸ் மட்டும் போதும் அண்ணா.” அதோடு மிக்சரிலிருந்து கைப்பேசிக்கு நேரடி இணைப்பும் கேட்கிறார்கள். அரங்குக்குச் சரியான கலவை பதிவுக்குச் சரியாக இராது. மேடையிலேயே உரத்து ஒலிக்கும் மிருதங்கத்தை அரங்கில் நான் குறைத்து வைத்திருப்பேன், பதிவில் அது எங்கோ தூரத்தில் வாசிப்பதுபோல் இருக்கும். இதை விளக்கியும் இணைப்பைக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த வாய்ப்புக்கு அவர்கள் அனுப்பப்போவது அந்தப் பதிவைத்தான்.

சபாக்களுக்கு வெளியே நிலைமை வேறு மாதிரி. வடசென்னையின் கானா பெரிய மேடைகளுக்கு வந்த கதையில் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த, சாதியை எதிர்த்துப் பாடும் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் நிகழ்ச்சிக்கு ஓர் இடம் உண்டு. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். கானா பாடகர்களுக்கு நான் ஒலியமைத்தபோது கவனித்தது, அவர்கள் மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிப்பதைத்தான். பயிற்சி இல்லாததால் அப்படிப் பிடிக்கிறார்கள் என்று என் தொழிலில் சிலர் சிரிப்பதுண்டு. தெருவிலும் பந்தலிலும் சட்டியும் டோலக்கும் பறையும் சூழ, மானிட்டர் என்ற பொருளே இல்லாமல் பாடிப் பழகியவருக்கு அதைவிடப் பொருத்தமான உத்தி கிடையாது: நெருங்கிப் பிடித்தால் குரல் மட்டுமே மைக்குக்குள் போகும், சுற்றியுள்ள இரைச்சல் வெளியே நிற்கும். பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவைப் போன்ற திறந்தவெளி மேடைகளில், சபாவில் பழகிய பாடகர் கடற்காற்றோடு திணறுவதையும் கானா பாடகர் முதல் வரியிலேயே கூட்டத்தைப் பிடிப்பதையும் நினைத்தால் யாருக்கு யார் பாடம் எடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது.

ஹோட்டல்களிலும் கஃபேக்களிலும் வாசிக்கும் இளம் பேண்டுகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. அங்கே டிரம்ஸின் சத்தமே அந்தச் சிறிய அறையின் ஒலியளவைத் தீர்மானித்துவிடும், மற்றதெல்லாம் அதற்கு மேல் ஏற வேண்டியிருக்கும். திறந்தவெளியில் வாசிக்கும்போது, இரவு 10 மணிக்கு மேல் அங்கே ஒலிபெருக்கி கூடாது என்ற விதி இருப்பதால் அவர்களுடைய சொந்தப் பாடல்கள் கடைசிக்குத் தள்ளப்பட்டு, பல இரவுகளில் பாடப்படாமலே போகின்றன. விடுதிக்காரர் கேட்பது எல்லாருக்கும் தெரிந்த பாட்டுகளை.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதியக் கச்சேரிக்குப் பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. பாடுகிறவருக்குக் கிடைப்பது பக்கவாத்தியக்காரர்களின் போக்குவரத்துக்கே சரியாக இருக்கும். வாய்ப்புக்காக நன்கொடை கேட்கும் இடங்களும் உண்டு என்பது இத்துறையில் எல்லாரும் அறிந்த, மேடையில் யாரும் பேசாத விஷயம். ஒலி நிறுவனத்துக்கு நாள் கணக்கில் வாடகை. ஒரே வாடகையில் இரண்டு கச்சேரி நடத்தினாலும் ஐந்து நடத்தினாலும் செலவு ஒன்றே என்பதால் ஐந்தையும் இடைவெளியின்றி அடுக்குவதில்தான் நிர்வாகிக்கு லாபம். ஐந்து நிமிட சவுண்ட் செக்கின் பொருளாதாரம் இவ்வளவே.

கச்சேரிகளுக்கு இடையில் இருபது நிமிடம் விடுங்கள் என்று நான் வேலை செய்யும் ஒரு சிறு அரங்கில் தொடர்ந்து கேட்டு வந்தேன். மதியம் மூன்று கச்சேரி இருந்த இடத்தில் இரண்டாக்கினால் அது முடியும். “ஒரு பையனோட வாய்ப்பை நீங்க பறிக்கிறீங்க சார்” என்றார் செயலாளர்; அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு பருவத்துக்கு ஒப்புக்கொண்டார். மிருதங்கக்காரர்கள் மேடையின் குளிரிலேயே உட்கார்ந்து சுருதி சேர்த்தார்கள். பாடகர்கள் ஒரு பல்லவியை முழுதாகப் பாடிப் பார்த்தார்கள். கையைத் தூக்கிக் காட்டும் தந்தையர் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்தது. இந்த ஆண்டு விண்ணப்பங்கள் மேசையில் குவிந்திருப்பதால் மூன்றாவது கச்சேரியைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. மூன்றாவதைக் காலை 11 மணிக்குத் தள்ளலாமே என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு ஒலிப்பணியாளர்கள் எட்டரைக்கே வர வேண்டியிருக்கும், வாடகையும் கொஞ்சம் கூடும். அதில் எங்கள் நிறுவனம் எவ்வளவு விட்டுக்கொடுக்கும் என்பதைத்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.