கந்தூரி நாளில் நாகூரில் ஓர் அறை

நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரிக்கு நான் முதன்முதலாகப் போனது 1991 டிசம்பரில், ஒன்பது வயதில், அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு. தஞ்சை மாவட்டத்திலிருந்து நாகை தனி மாவட்டமாகப் பிரிந்து அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அய்யம்பேட்டையிலிருந்து கிளம்பிய எங்களைப் பார்த்து, "இனிமே நாம வெளிமாவட்டத்து ஆளுங்க" என்று அத்தா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தங்குவதற்கு அறை எடுக்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் இல்லை. தர்காவின் தாழ்வாரத்தில் போர்வையை விரித்து, செருப்புகளைப் பையில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, சாரல் அடிக்கும்போதெல்லாம் காலை மடக்கிக்கொண்டு படுத்தோம்.

ஹிஜ்ரி எனும் இஸ்லாமிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சுமார் பதினொரு நாள் குறைவு என்பதால், கந்தூரி ஒவ்வோர் ஆண்டும் அத்தனை நாள் முன்னதாகவே வந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் ஒரு சுற்று முடித்துப் பழைய பருவத்துக்கே திரும்பிவிடும். அந்தக் கணக்குப்படி 2024இல் அது மீண்டும் டிசம்பருக்கு வந்தபோது அத்தா உயிரோடு இல்லை. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். கல்யாணமாகிப் பதினொரு ஆண்டுகள் கழித்துத் தங்கைக்குப் பிறந்த மகனுக்கு, சந்தனக்கூடு சமயத்தில் நாகூரில் முடி இறக்குவதாக அம்மா நேர்ச்சை வைத்திருந்தார். தர்காவுக்குப் போகலாமா கூடாதா என்பதில் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு கட்சி உண்டு. அந்த வழக்கை இங்கே எடுக்கப்போவதில்லை. அம்மா, மனைவி, தங்கை, இரண்டு வயதுப் பிள்ளை, நான் என ஐந்து பேருக்கு, கையைக் கடிக்காத வாடகையில், மூன்று இரவுகளுக்கு ஓர் அறை தேவைப்பட்டது என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

தேதியிலேயே முதல் சிக்கல் தொடங்குகிறது. கந்தூரி ஹிஜ்ரி மாதமான ஜமாதுல் ஆகிரின் முதல் பிறையில் கொடியேற்றத்துடன் தொடங்கிப் பதினான்கு நாள் நடக்கும். பத்தாம் இரவு, சந்தனத்தை ஊர்வலமாகக் கொண்டுவரும் சந்தனக்கூடு. பிறை ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் எல்லாமே ஒரு நாள் நகரும். ஆனால் லாட்ஜில் கேட்பது ஆங்கிலத் தேதியைத்தான். இணையத்தில் பதிவு செய்யலாம் என்று பார்த்தால், மலிவான அறைகளுக்கெல்லாம் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று போட்டிருந்தார்கள். காலண்டரில் அச்சிட்ட தேதியை நம்பி மாதக்கணக்கில் முன்னால் பணம் கட்டுவது சரிப்படாது. பிறை உறுதியாகும் வரை காத்திருந்தால் அறை கிடைக்காது. நான் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பார்த்தேன். நாலைந்து லாட்ஜ்களைத் தொலைபேசியில் விசாரித்து வைத்துக்கொண்டு, கொடியேறிய மறுநாளே தஞ்சாவூர் சென்று காரைக்கால் போகும் ரயிலைப் பிடித்து, தனியாளாக நாகூரில் இறங்கினேன்.

நாகூரிலேயே தங்க வேண்டும் என்ற முடிவுக்கு வருவதற்கு முன்பு மற்ற ஊர்களையும் யோசித்துப் பார்த்தேன். நாகப்பட்டினம் ஐந்து கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் அங்கே தங்கிப் பேருந்தில் வந்துபோவது எவ்வளவோ மேல். ஆனால் சந்தனக்கூடு ஊர்வலமே நாகப்பட்டினத்தில் புறப்பட்டு விடிவதற்குள் நாகூர் வந்து சேருவதுதான் என்பதால், அன்று இரவு அந்தச் சாலை முழுவதும் ஜனங்களாக இருக்கும். முழங்கால் வலிக்காரரை அழைத்துக்கொண்டு அதில் எதிர்த்திசையில் திரும்ப முடியாது. வேளாங்கண்ணியில் அறைகள் ஏராளமாக உண்டு, டிசம்பரின் முதல் பாதியில் வாடகையும் படியும். ஆனால் அது நாகைக்குத் தெற்கே இன்னும் பத்து கிலோமீட்டர், இடையில் அதே ஊர்வலம். காரைக்கால் வடக்கே இருப்பதால் ஊர்வலத்தின் தொல்லை இல்லை. ஆனால் திருநள்ளாறு பக்கத்திலேயே இருப்பதால் வெள்ளிக்கிழமை இரவு அங்கே அறை தேடுகிறவர், மறுநாள் சனீஸ்வரனைப் பார்க்க வந்திருப்பவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். நாகூரைத் தாண்டியதும் வாஞ்சூரில் புதுவை மாநில எல்லை தொடங்கி, வரிசையாக மதுக்கடைகள் இருக்கின்றன. பெண்களோடும் பிள்ளையோடும் நேர்ச்சைக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்து மலிவு அறைகளைத் தவிர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

விசாரித்தபோது எல்லா லாட்ஜிலும் சொன்ன பெருமை ஒன்றுதான்: அறையிலிருந்தே தர்காவின் மினாரா, அதாவது கோபுரம், தெரியும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா 131 அடி உயரம். நாகூரில் எந்த மொட்டை மாடியில் நின்றாலும் தெரியாமல் எங்கே போகும்? அதற்காக இருநூறு ரூபாய் அதிகம் கொடுப்பது வீண். தர்காவுக்கு எத்தனை அடி தூரம் என்பதும் கந்தூரி நேரத்தில் பெரிய தகவல் அல்ல. பக்கத்துச் சந்து என்றால் ராட்டினக் கடையின் ஒலிபெருக்கியும் பக்கத்திலேதான். நான் தெரிந்துகொள்ள விரும்பியது தண்ணீர் எப்படி என்பதை.

ஜியாரத்துக்கு, அதாவது தர்கா தரிசனத்துக்கு, வருகிறவருக்கு அறை என்பது படுப்பதற்கு இரண்டாம்பட்சம்தான். பாதி இரவு வெளியில் கழிந்துவிடும். ஐந்து வேளையும் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒளு, பிள்ளையின் துணி, முடி இறக்கிய பின் குளியல், மழைச்சேற்றில் வந்து காலைக் கழுவுவது என எல்லாமே குளியலறையில்தான் நடக்கும். எனவே காட்டப்பட்ட ஒவ்வோர் அறையிலும் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன். உள்ளங்கையில் ஏந்தி ஒரு வாய் வைத்துப் பார்த்தால் போதும், உப்பு தெரிந்துவிடும். கடலோரத்து ஆழ்குழாய் நீரில் சோப்பு நுரைக்காது, கட்டியாகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு குளியலறை வாசற்படியின் உயரத்தைச் சாண் வைத்து அளந்தேன். ஓர் இடத்தில் படி ஒன்றரைச் சாண், உள்ளே இறங்கியதும் வழுவழுப்பான ஓடு. அம்மாவுக்கு அது குழி வெட்டி வைத்த மாதிரி. மூன்றாவது லாட்ஜில் முதல் மாடியில் ஒரு ஃபேமிலி ரூம் பிடித்திருந்தது: உட்காரும் கழிப்பறை, தாழ்வான படி, ஒளுவுக்குக் குந்தி உட்காராமல் கை எட்டும் உயரத்தில் ஒரு குழாய், இரண்டு பக்கெட்டுகள். மேனேஜர் சிரித்தார். "எல்லாரும் கட்டிலைத் தட்டிப் பாப்பாங்க பாய், நீங்க குழாயை முறுக்கிப் பாக்குறீங்க." நாளுக்கு 1,800 ரூபாய் என்று பேசி, ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்து, கையால் எழுதிய சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

சீட்டில் 'ஃபேமிலி ரூம், மூன்று நாள்' என்று இருந்தது. அறை எண் இல்லை. அவ்வளவு பார்த்தவன் இதைப் பார்க்கவில்லை.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து போன ஈரமே காயாத நிலையில், நாங்கள் போய் இறங்கிய அன்றும் அடைமழை. முதல் மாடி அறையில் ஏற்கெனவே இருந்தவர்கள் காலி செய்யவில்லை என்றும், மூன்றாம் மாடியிலும் அதேபோன்ற ஃபேமிலி ரூம் இருக்கிறது என்றும் மேனேஜர் சொன்னார். மின்தூக்கி கிடையாது. ஊர் முழுக்க அறைகள் நிறைந்திருந்த நேரத்தில் சண்டை போட்டுப் பயனில்லை என்று, ஒவ்வொரு திருப்பத்திலும் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மூச்சு வாங்கவிட்டு, 54 படிகளை ஏற்றினோம். எண்ணியது தங்கை.

வயலறிந்த ஊர்க்காரனுக்குத் தலைமடை, கடைமடை என்றால் விளக்க வேண்டியதில்லை. மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கிறோம், நமக்குத்தான் தலைமடை என்று நான் முதலில் நினைத்துக்கொண்டேன். நடந்தது நேர்மாறு. தொட்டியில் நீர்மட்டம் இறங்க இறங்க மேல்மாடிக் குழாய்தான் முதலில் இளைக்கிறது. கீழ்த்தளத்தில் இருப்பவர் கடைசிச் சொட்டு வரை குளிக்கிறார். மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறாத அதே கதைதான். சந்தனம் பூசும் நிகழ்ச்சி முடிந்து லாட்ஜ் முழுவதும் ஒரே நேரத்தில் ஃபஜ்ர் எனும் வைகறைத் தொழுகைக்கு ஒளு செய்யத் திரும்பியபோது, எங்கள் குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. மோட்டார் போடச் சொல்லிக் கீழே ஓடினால், மழையில் மின்சாரம் நின்றிருந்தது.

அம்மா பதறவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, பக்கெட்டின் மேல் கையை நீட்டி, மெல்லிய கோடாக ஊற்றச் சொன்னார். நபிகள் நாயகம் 'முத்து' என்ற அரபு அளவையில் ஓர் அளவு தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று ஹதீஸில் இருக்கிறது. இரண்டு கைகளையும் சேர்த்து அள்ளுகிற அளவு அது, இன்றைய கணக்கில் முக்கால் லிட்டருக்குள் அடங்கும். அம்மா ஒரு லிட்டர் பாட்டிலில் பாதிக்குக் கொஞ்சம் அதிகமாகச் செலவழித்து முடித்துவிட்டு, மிச்சத்தை என்னிடம் நீட்டினார். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டே ஒளு செய்கிற நான் அன்று முழங்கை வரை நனைப்பதற்குள்ளேயே அதைத் தீர்த்துவிட்டேன்.

அடுத்து கிப்லா, தொழும்போது முகம் திருப்ப வேண்டிய மக்காவின் திசை. மேசையின் மீது பச்சை நிறத்தில் அம்புக்குறி ஒட்டியிருந்தது. நான் அந்தப் பக்கமாகவே தொழுகை விரிப்பான முசல்லாவை விரித்தேன். கட்டிலில் உட்கார்ந்தபடி அம்மா கேட்டார்: "கடல் எந்தப் பக்கம் இரையுது?" மழைக்கால விடியலில் அலைச் சத்தம் அம்பு காட்டிய திசையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. "அதுக்கு முதுகைக் காட்டி நில்லு." சோழமண்டலக் கரையில் கடல் கிழக்கு, கிப்லா மேற்கு. யாரோ கூட்டுகிறபோது மேசையைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் வங்காள விரிகுடாவை நோக்கித் தொழுதார்களோ தெரியாது. அம்புக்குறியைச் சுவரில் ஒட்டும்படி மேனேஜரிடம் சொன்னேன்.

அன்று காலையே கணக்கை முடிக்கச் சொன்னேன். ஓர் இரவுக்கு 1,800 ரூபாய், அதன் மேல் 12 சதவீதம் ஜிஎஸ்டி 216 ரூபாய் என்று சீட்டில் எழுதினார். 2022 ஜூலைக்கு முன்பு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கு வரி கிடையாது. அதன் பிறகு அவற்றுக்கும் 12 சதவீதம் வந்தது, 2025 செப்டம்பரில் அது 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரி கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஜிஎஸ்டி எண் அச்சிட்ட ரசீது கொடுங்கள் என்று கேட்டதும், அவர் மறுபேச்சில்லாமல் அந்த 216ஐ அடித்துவிட்டார். பதிவு எண் இல்லாத கடை வரி வாங்கக் கூடாது என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

போக்கிடம் காட்டியவர் வாடா விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா. இறால் வைத்துப் பொரித்த வாடாவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, கந்தூரி நாட்களில் சில வீடுகளில் முன்கட்டை வாடகைக்கு விடுவார்கள் என்று சொல்லி, இரண்டு தெரு தள்ளி ஒரு பச்சைக் கதவைக் கைகாட்டினார். திண்ணை வைத்த பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரப் பெண்மணி அம்மாவைப் பார்த்ததும், "வாங்க லாத்தா, மொதல்ல உக்காருங்க" என்று அக்கா முறை சொல்லி அழைத்து, பாயை விரித்துவிட்டுத்தான் வாடகையைப் பற்றிப் பேசினார். ஓர் இரவுக்கு 700 ரூபாய். கட்டில் ஒன்றுதான், நாங்கள் பாயில் படுத்துக்கொண்டோம்; ஓட்டு இடுக்கில் ஒழுகிய இடத்துக்கு ஒரு குண்டான் வைத்தார்கள்; இரவெல்லாம் அது டொக் டொக் என்று எண்ணிக்கொண்டிருந்தது. கொசுவைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே மரியாதை. ஆனால் கொல்லையில் மூடி போட்ட இரண்டு சிமெண்டுத் தொட்டிகள், ஒன்றில் நகராட்சிக் குழாயில் பிடித்து வைத்த நல்ல தண்ணீர், ஒன்றில் மழைநீர். விளிம்பில் கவிழ்த்து வைத்த பித்தளைச் செம்பு. அம்மா தொட்டியின் அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்து, செம்பால் மொண்டு மொண்டு நிதானமாக ஒளு செய்ததை நான் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்கு முடி இறக்கி, மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, ஃபாத்திஹா ஓதி முடித்தோம். வசதியான லாட்ஜ் கிடைத்தால் வீட்டு அறையை விட அதையே எடுங்கள் என்றுதான் இப்போதும் சொல்வேன். வீட்டில் தங்கினால் அவர்கள் தூங்கும் நேரத்தில் நாமும் அடங்க வேண்டும், கழிப்பறை அவர்களோடு பொது, தங்கையும் மனைவியும் அதற்குக் கூச்சப்பட்டார்கள். சீட்டில் அறை எண்ணை எழுதி வாங்க மறக்காதீர்கள்.

கிளம்பும்போது அடுத்த ஆண்டுக்கும் வருவதாக அம்மா சொன்னார். எந்தத் தேதி என்று போடுவது, முன்பணம் எவ்வளவு என்று நான் கேட்டேன். பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்மணி உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். அதில் ஆங்கிலத் தேதி என்பதே இல்லை. 'ஜமாதுல் ஆகிர் பிறை 9, 10, 11' என்ற தலைப்பின் கீழ் ஏற்கெனவே இரண்டு பெயர்கள் இருந்தன. மூன்றாவதாக, 'அய்யம்பேட்டை லாத்தா, முழங்கால் வலி, கட்டில் வேணும்' என்று எழுதிக்கொண்டார்.