மைனஸ் 18-இல் கொதித்த வண்டி

நான் நாமக்கல்காரன். எங்கள் ஊரில் பாதிப் பேர் லாரி ஓட்டுவார்கள், மீதிப் பேர் லாரிக்குப் பாடி கட்டுவார்கள், இரண்டிலும் சேராதவர்கள் கோழிப் பண்ணை வைத்திருப்பார்கள். அந்த ஊரில் பிறந்தவனின் கார், ஒரு ஜனவரிக் காலையில், டொரண்டோவின் 401 நெடுஞ்சாலை ஓரத்தில் இட்லிக் குண்டான் மாதிரி ஆவி விட்டுக்கொண்டு நின்றது. வெளியே மைனஸ் 18. மூக்குக்குள் ஈரம் உறைகிற குளிர்.

இழுவை வண்டி வரும்வரை அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே இரவு ஏழு மணி.

"ஏங்கண்ணு, அங்கதான் ஐஸ் கொட்டுதுங்கிற. அப்புறம் எப்புடி வண்டி கொதிக்கும்?"

நாற்பது வருடம் வேன் ஓட்டியவர் கேட்கிறார். பின்னால் அம்மா சிரிப்பது கேட்டது. எஞ்சினுக்குள் குளிர்விக்கும் திரவத்தைச் சுற்றவிடும் வாட்டர் பம்பை நானே கழற்றி மாட்டினேன் என்பதை அந்த நிமிடம் சொல்லவில்லை.

2006-ஆம் வருட வண்டி. வயசான பம்ப் ஒழுகத் தொடங்கியதும் முதலில் ஒரு பட்டறைக்குத்தான் போனேன். 750 டாலர் என்றார்கள். வயிறு எரிந்தாலும் கொடுத்திருப்பேன். ஆனால் வேலை நடக்கிற இடத்துக்குள் எட்டிப் பார்த்ததும் ஓடி வந்து தடுத்தார்கள். இன்ஷூரன்ஸ் விதியாம், வாடிக்கையாளர் உள்ளே வரக் கூடாதாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி, ஓசிக் காபி, டிவியில் ஐஸ் ஹாக்கி. என் வண்டியை அந்தப் பக்கம் யாரோ தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஆபரேஷன் தியேட்டர் வாசல் மாதிரி.

பனி பழகிவிட்டது. ஆறு மாதம் சூரியன் முகம் சுளிப்பது பழகிவிட்டது. யார் என் காலை மிதித்தாலும் நானே 'சாரி' சொல்வதுகூடப் பழகிவிட்டது. இந்தக் கண்ணாடி மட்டும் இன்னும் உறுத்துகிறது. பட்டறை என்றால் கூட நிற்கிற இடமல்லவா? வேப்பமர நிழலில் வண்டி நிற்கும். நாம் டார்ச் பிடிப்போம். "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனரக் குடுங்க" என்பார் மெக்கானிக், எடுத்துக் கொடுப்போம். டீ வரும், அவருக்கும் பையனுக்கும் சேர்த்து நாம்தான் காசு. கழற்றிய சாமானைக் கையில் வைத்து, "பாருங்க, பேரிங் ஆடுது" என்று காட்டுவார். ஆடுகிறதோ இல்லையோ, தலையை ஆட்டுவோம். நடுவில் அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கும் கதையும் வரும். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் வண்டி நம்முடையதாகும். இங்கே பில்லைப் பார்த்துத்தான் என்ன மாற்றினார்கள் என்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

எனவே ரோஷம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரின் கராஜில் நானே இறங்கினேன். நான் குடியிருப்பது ஸ்கார்பரோவில், யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் வீட்டின் பேஸ்மென்டில். அவர் அன்று மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பெல்ட்டைத் தளர்த்தி, பழைய பம்பைக் கழற்றி, புதியதை மாட்டி, ரேடியேட்டரில் புதுக் கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்டை இறக்கும் அந்தத் திரவத்தை, ஊற்றினேன். வடித்தபோது வாளியில் ஐந்தரை லிட்டர் இருந்தது. திரும்ப ஊற்றியபோது நாலே லிட்டரில் ரேடியேட்டர் வாய்வரை நிறைந்துவிட்டது. 'மிச்சமாகிவிட்டதே' என்று சந்தோஷப்பட்டேன். நாமக்கல் மூளை!

திங்களன்று கடைக்குப் போய் வந்தேன், ஒன்றுமில்லை. செவ்வாய் காலை 401-இல் ஹீட்டர் குளிர்காற்றாக வீசியது. கனடாவில் குளிராமல் என்ன செய்யும் என்று குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறியதை மார்க்கம் ரோடு தாண்டித்தான் பார்த்தேன்.

வண்டியை இழுத்து வந்து போட்டதும், எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் மோர் மாதிரி வெள்ளைப் பசை. கூலன்டும் ஆயிலும் கலக்காமல் அடைத்து வைக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது, வண்டி காயலான் கடைக்குத்தான் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, ஹீற்றர் சூடா வந்ததோ, குளிரா வந்ததோ?"

"குளிராத்தான் வந்துச்சுண்ணே."

"அப்ப காத்துப் பிடிச்சிருக்கு. அந்த வெள்ளையப் பாத்துப் பயப்பிடாதையும். கிட்டக் கிட்ட ஓடினா விண்டர்ல மூடியில அப்பிடித்தான் படியும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாரும்."

ஆயில் அளவு பார்க்கும் அந்தக் கம்பியை இழுத்தேன், ஆயில் சுத்தமாக இருந்தது. வாளிக் கணக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை. போகாத ஒன்றரை லிட்டரின் இடத்தில் காற்று இருந்திருக்கிறது. காற்று அடைத்துக்கொண்டால் கூலன்ட் சுற்றாது. ஹீட்டருக்குள் சூடான கூலன்ட் போனால்தான் சூடான காற்று வரும். முள் ஏறும்போது ஹீட்டர் குளிர்ந்தால் அதைவிடத் தெளிவாக வண்டி வேறெப்படிச் சொல்லும்?

எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவிடவில்லை. சரிவான டிரைவ்வேயில் வண்டியின் முகம் மேலே இருக்கும்படி நிறுத்தச் சொன்னார். மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டோம். முதலில் ஒன்றுமில்லை. சூடு ஏறினால் கூலன்டுக்கு வழி விடுகிற தெர்மோஸ்டாட் எண்பது டிகிரி வாக்கில் திறந்ததும் களக், களக் என்று குமிழி. ஒவ்வொரு ஏப்பத்துக்கும் மட்டம் இறங்கியது, ஊற்றிக்கொண்டே இருந்தேன். டார்ச் பிடித்தவர் அவர்.

நின்ற இடத்தில் கதையும் வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடையாது. ஸ்டார்ட் ஆக மட்டும் நாலு சொட்டுப் பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெயில்தான் பழைய ஆஸ்டின் ஏ40 கார்கள் ஓடினவாம். "புகை எண்டா புகை. அதிலதான் என்ரை கலியாணமே நடந்தது" என்றார். இவரிடமா நான் வீடியோ பார்த்தேன் என்று சொல்வது?

எனக்குக் கொல்லிமலை வந்துவிட்டது. எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு காரவள்ளியிலிருந்து ஏறினால், நாற்பதாவது வளைவுக்குள் அப்பாவின் வேன் ஆவி விடும். எல்லோரும் இறங்கிப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். அப்பா அவசரப்படவே மாட்டார். ஒரு பீடி, பிறகு நனைத்த சாக்கை மூடிமேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்லத் திருகுவார். புஸ்ஸென்று அடிக்கும். நாங்கள் கைதட்டுவோம். அதைக் கோளாறு என்று யாரும் நினைத்ததில்லை, சாப்பாட்டு நேரம் அவ்வளவுதான்.

குமிழி நின்றது. ஃபேன் தானாகச் சுழன்றது. உள்ளே கை வைத்துப் பார்த்தேன், ஹீட்டரில் சுடச்சுடக் காற்று. உள்ளே போயிருந்தது ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

அன்றிரவு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பம்பை நானே மாட்டியது உட்பட.

"டிக்கில தண்ணிக் கேன் வெச்சிருக்கியா சாமி?"

"தண்ணி இங்க கல்லாயிடும்ப்பா. கூலன்ட்தான் வெக்கணும். பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 37 வரைக்கும் தாங்கும்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"செரி, சாக்காவது வெச்சுக்க."

அடுத்த சனிக்கிழமை தமிழ்க் கடையில் முருங்கைக்காய் வாங்கும்போது, தேவையே இல்லாமல் பத்துக் கிலோ பாசுமதியும் எடுத்தேன். அதுதான் சணல் சாக்கில் வருகிறது.