பாக்கி நின்ற பாடங்கள்

ஒரு கொரிய மிஷனரிக் குடும்பத்துக்கு நான் தமிழ் படிப்பித்த கதை இது. 2019 முடியும் தறுவாயில் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில், நல்லூர்க் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு வாடகை வீடு. செவ்வாய், வியாழன், சனி, பின்னேரம் 4 மணிக்குப் பாடம். கொக்குவிலில் இருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிடத்தில் போய்விடலாம். பாஸ்டர், அவரின் மனைவி, பதினொரு வயது மகன் என்று மூன்று மாணவர்கள். ஆறு வயதுச் சின்னவளுக்குப் பாடம் இல்லை. அவள் மேசைக்குக் கீழே இருந்து படம் கீறியபடி, கேட்டே எல்லாரையும் முந்திவிட்டாள்.

அதற்கு முன் என்னிடம் படித்த வெள்ளைக்காரருக்கு வினைச்சொல்லை வசனத்தின் கடைசியில் வைக்கவே மூன்று மாதம் பிடிக்கும். இவர்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கொரிய மொழியிலும் வினை கடைசியில்தான். அப்பாவுக்கு 'அப்பா', அம்மாவுக்கு 'ஒம்மா', புல்லுக்குப் 'புல்', நாளுக்கு 'நல்'. பெரியவர்களுக்கு ஒரு வினைமுடிவு, சின்னவர்களுக்கு வேறொன்று. ஆகவே 'இரு'வுக்கும் 'இருங்கோ'வுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்பதை மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்பதில்லை, தற்செயல் என்பார்கள். இருக்கட்டும். படிப்பிக்கிறவளுக்குத் தற்செயலும் உதவிதான்.

எங்கள் வீட்டில் இந்த வேலை பிடிக்காது. நாங்கள் சைவம். "மதம் மாத்த வந்தவைக்கு நீயே நாக்கைத் தீட்டிக் குடுக்கிறியோ?" என்று மாமி கேட்டா. ஆறுமுக நாவலரே பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து பைபிளைத் தமிழாக்க உதவினவர்தானே என்றேன். "அவர் பிறகு விட்டிட்டு வந்து சைவத்தை வளர்த்தவர். நீ என்னத்தை வளர்க்கப் போறாய்?" என்றா. என்னிடம் பதில் இல்லை. ஆனால் மாதக் கடைசியில் வரும் கவரைத் திருப்பிக் கொடுக்கும்படி மாமி ஒருநாளும் சொன்னதில்லை.

பாஸ்டரின் மாமியார் இருப்பது தேகு நகரத்தில். 2020 பெப்ரவரி 18ஆம் திகதி கொரியாவின் 31ஆவது நோயாளி அங்கேதான் உறுதிப்படுத்தப்பட்டார். சின்சொன்ஜி என்ற சபையின் ஆராதனைக்குப் போய்வந்தவர். இரண்டு கிழமைக்குள் அந்த நகரத்தில் நோயாளர் ஆயிரக்கணக்கில். பாஸ்டரின் மனைவி போனை மேசையில் வைத்துக்கொண்டுதான் பாடத்துக்கு இருந்தா. "அது எங்கட சபை இல்லை, அவையை நாங்கள் கிறிஸ்தவர் எண்டு எடுக்கிறதில்லை" என்று பாஸ்டர் எனக்கு விளக்கினார். நான் தலையாட்டினேன். ஊருக்கு அதை ஆர் விளக்குவது?

அந்தக் கிழமைதான் சந்திக் கடையில் நின்ற பெடியள் மகனைப் பார்த்து "சைனா, கொரோனா" என்று கூப்பிட்டார்களாம். "ரீச்சர், என்ன சொல்ல?" என்று கேட்டான். 'நான் சைனா இல்லை, கொரியா' என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தேன். பத்துத் தரம் சொல்லிப் பழகினான். இரவு படுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது: சைனாக்காரப் பிள்ளை ஒன்று அந்தத் தெருவால் போனால் அதற்கு எந்த வசனத்தைக் கொடுப்பேன்? பெடியளுக்குச் சொல்லவேண்டியதை விட்டுவிட்டு, பிள்ளையைச் சாட்சி சொல்லப் பழக்கியிருக்கிறேன். அடுத்த வகுப்பில் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. வேற்றுமை உருபுக்குப் போய்விட்டேன்.

மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, சுவிற்சர்லாந்தில் இருந்து வந்த ஒரு போதகர் அரியாலையில் ஆராதனை நடத்தினார். 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. திரும்பிப் போன அந்தப் போதகருக்குத் தொற்று என்ற செய்தி வந்தது. 22ஆம் திகதி யாழ்ப்பாணத்தின் முதல் நோயாளி அடையாளம் காணப்பட்டார். அவருடைய ஊர் தாவடி, எங்கள் வீட்டில் இருந்து கூப்பிடு தூரம். அதற்குப் பிறகு ஊரில் கத்தோலிக்கம், தென்னிந்தியத் திருச்சபை, பெந்தெகொஸ்தே என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. எல்லாரும் 'அல்லேலூயா ஆக்கள்'. நல்லூர் வீட்டார் அரியாலைப் பக்கம் போகவே இல்லை. ஆனாலும் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) இரண்டு தரம் வந்து விசாரித்தாராம். மரியாதையாகத்தான்.

ஊரடங்கில் இருக்கப் பழகியவர்கள் நாங்கள். அவர்கள் அப்படியல்ல. மாமியின் அறிவுரைகளை நான் வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பினேன்: அரிசி பிறகு, முதலில் உப்பும் நெருப்புப்பெட்டியும். கருவாடு வாங்கினால் பிரிட்ஜை நம்பத் தேவையில்லை. ஒடியல் மா இருந்தால் ஒருவரும் பட்டினி கிடக்கமாட்டார்கள். 90களின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் மூன்று பிள்ளைகளைப் படிப்பித்த மனிசி. மதம் மாற்ற வந்தவர்கள் என்ற கதையை அந்த நாட்களில் அவ எடுக்கவே இல்லை.

பாஸ்டருக்கு நிவாரணப் பட்டியல் எழுதத் தெரியும். அதில் தன் பெயர் இருந்தால் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாது. பக்கத்து வீட்டு ஐயா மதிலுக்கு மேலால் தேங்காயும் முருங்கைக்காயும் நீட்ட, இவர் காசை நீட்டியிருக்கிறார். ஐயா கோபித்துக்கொண்டு போய்விட்டார். "நான் சொன்ன வசனத்தில என்ன பிழை?" என்று எனக்குப் போன் எடுத்தார். வசனத்தில் பிழை இல்லை, காசில்தான் என்றேன். இரண்டு நாள் கழித்து மனைவி கோவா இலையில் கிம்சி போட்டு அதே மதிலால் கொடுத்தா. "நல்ல ஊறுகாய், உறைப்புக் கொஞ்சம் காணாது" என்று ஐயா சொன்னாராம். அதோடு சமாதானம்.

ஏப்ரலின் கடைசிப் பகுதியில் பகலில் ஊரடங்கு தளர்ந்தது. நான் போகவில்லை. நோய்க்கு மட்டும் பயந்தேன் என்று சொல்லமாட்டேன். அந்த வீட்டுப் படலையில் என் ஸ்கூட்டி நிற்பதை ஆரும் கண்டுவிடுவார்களோ என்றும் பயந்தேன். 'மாமிக்குத் தடிமன்' என்று செய்தி அனுப்பினேன். 2020இல் சொல்லக்கூடிய பொய்யா அது? முழங்கால் நோ என்றிருக்கலாம். அரை மணித்தியாலத்தில் பாஸ்டர் போன் எடுத்தார்: காய்ச்சல் இருக்கோ, மூச்சு எப்பிடி, பி.எச்.ஐ.க்குச் சொன்னீங்களோ. மறுநாள் எங்கள் படலையில் ஒரு பை தொங்கியது. தேனில் இஞ்சி ஊறின போத்தல், கையால் தைத்த நாலு மாஸ்க், 'மாமி சுகமா இருங்கோ' என்று சின்னவளின் எழுத்தில் ஒரு துண்டு. மாமி போத்தலைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "எனக்கென்ன வருத்தம்?" என்றா.

ஒரு பாடம்கூட நடக்கவில்லை, ஆனால் மாதம் தவறாமல் சம்பளம் வங்கிக் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. நான் ஒரு கொப்பி எடுத்துக் கணக்குப் போட்டேன். மே 12ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, நான் மறுபடி அந்தப் படலையைத் திறந்தபோது 22 பாடங்கள் பாக்கி.

அன்றைக்குப் பாஸ்டரின் மனைவி முதலில் கேட்டது, "அக்கா, சேமக்காலை எண்டால் என்ன?" சைவருக்குச் சுடலை, கிறிஸ்தவருக்குச் சேமக்காலை என்றேன். தகனம், அடக்கம் எல்லாம் எழுதினேன். கொரோனாவில் இறப்பவர் எந்தச் சமயத்தவர் என்றாலும் எரிக்கவேண்டும் என்று ஏப்ரலில் வர்த்தமானி வந்திருந்தது. பிறகு முஸ்லிம் சனங்கள் 2021 பெப்ரவரி வரை அதற்காகப் போராட வேண்டியிருந்தது. அவ தன் முடிவை நினைத்துக் கேட்கிறா என்று எடுத்துக்கொண்டு, நான் ஆறுதலுக்குப் பழைய மிஷனரிமாரை இழுத்தேன். வட்டுக்கோட்டை செமினறியைத் தொடக்கி, 1855இல் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்த டானியல் பூவர். 1840இல் வந்து உடுவிலில் படிப்பித்து, 1883இல் இறக்கும்வரை அமெரிக்காவுக்குத் திரும்பாத எலைசா அக்னியூ.

அவ பொறுமையாகக் கேட்டா. பிறகு சொன்னா: "எங்கட நாட்டிலயும் எரிக்கிறதுதான் கூட. எனக்கு அது பயம் இல்லை. மகன் கதைக்கிறான் இல்லை அக்கா. ரெண்டு மாசமா. அதுக்கு என்ன சொல்லுறது?"

பூவர் காலத்து மிஷனரிமார் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் படிப்புக்குக் கப்பலில் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அகராதி எல்லாவற்றுக்கும் ஆண்டு சொல்ல எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் கப்பலில் என்ன செய்தார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தப் பிள்ளை கப்பல் ஏறாமலே மேல்மாடியில் தனியே இருந்தான். கூட விளையாடப் பெடியள் இல்லை, கடைக்குப் போக விருப்பமும் இல்லை. அதில் நான் எழுதிக் கொடுத்த வசனத்துக்கும் பங்கிருந்திருக்கலாம்.

அவனைப் பேச வைத்தது நான் அல்ல, நல்லூர்க் கந்தன். அவர்களின் சபையார் சியோலில் இருந்து பிள்ளைகளுக்கு இணையவழி வகுப்புத் தொடங்கினார்கள். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே விடிய 5.30. வகுப்பு நடுவில் கோயில் மணி அடிக்க, அது என்ன சத்தம் என்று சியோல் பிள்ளைகள் கேட்க, இவன் விளக்கத் தொடங்கி நிறுத்தவே இல்லையாம். மைக்கை அணைக்கும்படி ஆசிரியர் சொன்னதாகப் பாஸ்டர் சங்கடத்தோடு சிரித்தார். 'அங்கே சொன்னதை எனக்குத் தமிழில் சொல்லு' என்று அவனுக்கு வேலை கொடுத்தேன். பாக்கிப் பாடங்களில் பெரும்பகுதி இப்படித்தான் போனது: கோயில் வீதியில் நடை, அவன் கேள்வி, என் பதில், சின்னவளின் திருத்தம்.

2021 மே மாதக் கடைசியில் யாழ்ப்பாணத்துக்கு 50,000 சினோபாம் ஊசி வந்தது. சனம் பள்ளிக்கூடங்களில் வரிசையில் நின்றது. சந்திக் கடைப் பெடியள் நின்ற வரிசைக்குப் பக்கத்தால் தகப்பனோடு சைக்கிளில் போன இவன் நிறுத்திக் கேட்டானாம்: "அண்ணை, சைனா ஊசி நோகுதோ?" பாஸ்டர் வியர்த்துப்போனார். பெடியள் சிரித்துவிட்டார்கள். அது நான் கொடுக்காத வசனம்.

அந்த வருடம் செப்டெம்பரில், நாடு மறுபடி மூடிக் கிடந்தபோது, அவர்கள் கொரியாவுக்குப் போனார்கள். பிரியாவிடையெல்லாம் போனில்தான். கொப்பியில் 5 பாடங்கள் பாக்கி நின்றன. காசாகத் தரட்டோ என்று கேட்டேன். பாஸ்டருக்கு அந்தக் கேள்வி விளங்காத மாதிரி இருந்தது. மதிலடி ஐயாவிடம் படித்தது போலும்.

போன வருடம் தேகுவில் இருந்து பாஸ்டரின் மனைவியின் குரல் செய்தி ஒன்று வந்தது. "அக்கா, அம்மாவுக்குத் தடிமன். ஆனால் எனக்குப் பொய் இல்லை."

இரண்டு தரம் கேட்டேன். பிறகு 'எனக்குப் பொய் இல்லை' என்று வராது, 'நான் பொய் சொல்லேல்லை' என்றுதான் வரும் என்று திருத்தி அனுப்பிவிட்டு, கொப்பியை எடுத்து 5ஐ வெட்டி 4 என்று எழுதினேன்.