டுப்ரோவ்னிக்கிலிருந்து எல்லை தாண்டி ஒரு நாள்

18 செப்டம்பர் 2024, புதன்

மான்டினீக்ரோவின் கடலோர ஊர்களை ஒரே நாளில் காட்டித் திரும்பும் பேருந்துச் சுற்றுலாவில் நாளைக்கு எனக்கும் என் கணவருக்கும் இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்டுமுன் கடவுச்சீட்டைத்தான் எடுத்துப் பார்த்தேன். டுப்ரோவ்னிக் இருக்கும் குரோவேஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக விடும் ஷெங்கன் வட்டத்தில் 2023 ஜனவரி 1 அன்று சேர்ந்தது. மான்டினீக்ரோ அதற்கு வெளியே இருக்கிறது. ஷெங்கன் விசா கையில் இருந்தால் இந்தியர்களிடம் அங்கே தனி விசா கேட்பதில்லை. ஆனால் மாலையில் டுப்ரோவ்னிக் திரும்புவது மீண்டும் ஒரு நுழைவாகக் கணக்கிடப்படும் என்பதால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவோடு போனவர் அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டியதுதான். மதிய உணவைப் பற்றி ஒரு பத்தியே எழுதியிருக்கும் விளம்பரத் தாளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

19 செப்டம்பர், வியாழன், இரவு

கராசோவிச்சி எல்லைச் சாவடியில் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. அதைக் கடந்ததும் சாலை சுடோரினா பள்ளத்தாக்கில் இறங்குகிறது. வழிகாட்டி அங்கே சிற்றுண்டி நிறுத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த இடம்தான் முக்கியம். ரகூசா என்ற பெயரில் தனிக் குடியரசாக இருந்த டுப்ரோவ்னிக், போட்டிக் குடியரசான வெனிஸ் தன் வாசல்வரை வந்துவிடும் என்று அஞ்சி, ஒட்டோமான் துருக்கியருடன் வெனிஸ் முதலானோர் நடத்திய போரை முடித்த 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கையை ஒட்டித் தன் நிலத்தின் இரு முனைகளிலும் ஒவ்வொரு துண்டை ஒட்டோமானியரிடம் விட்டுக்கொடுத்தது. வடக்கே நெயும் என்ற கடலோர ஊர், தெற்கே இந்தச் சுடோரினா. பகைவனுக்கும் தனக்கும் நடுவே மூன்றாமவனைக் குடிவைத்த அந்த ஏற்பாட்டின் தடம் இன்றைய எல்லைக் கோடுகளிலும் தெரிகிறது.

பெராஸ்ட் என்ற கடலோர ஊரில் படகேறிப் பாறை மாதா தீவுக்குப் போனோம். 1452இல் ஒரு பாறைமேல் மாதா படம் கிடைத்ததாகவும், அது முதல் மாலுமிகள் கடலில் கற்களைப் போட்டும், பழைய கப்பல்களில் பாறை நிரப்பி மூழ்கடித்தும் இந்தத் தீவை எழுப்பியதாகவும் சொல்கிறார்கள். இன்றும் ஆண்டுதோறும் ஜூலை 22 அன்று ஊரார் படகுகளைப் பிணைத்துக்கொண்டு வந்து கல் போடுகிறார்கள். கோயில் சுவரில் நேர்த்திக்கடனாகப் பதித்த வெள்ளித் தகடுகளில் பெரும்பாலும் புயலில் தத்தளிக்கும் கப்பல்கள்தான். அருங்காட்சியக அறையில் யசிந்தா குனிச் என்ற பெண்மணி 25 ஆண்டுகள் தைத்த பூத்தையல் படம் இருக்கிறது. குழந்தைத் தேவதைகளின் தலைக்குத் தன் கூந்தலையே இழையாக்கியிருக்கிறார். கண்ணாடியருகே குனிந்து பார்த்தால், சில தலைகள் கருமையாகவும் சில நரைத்தும் இருக்கின்றன. கடலுக்குப் போனவருக்காகக் காத்திருந்தபடி தைத்தார் என்பது ஊர்க்கதை. அங்கே இன்னும் அரை மணி நேரம் நின்றிருப்பேன், படகுக்காரர் கூப்பிட்டுவிட்டார்.

அடுத்து நின்ற கோட்டோர் நகரம் 1420 முதல் 1797 வரை வெனிஸின் ஆட்சியில் இருந்தது; மலைமேல் ஏறி இறங்கும் மதில் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். 1166இல் திருநிலைப்படுத்தப்பட்ட புனித டிரிஃபோன் பேராலயத்தின் இரு கோபுரங்களும் 1667 நிலநடுக்கத்துக்குப் பின் கட்டப்பட்டவை. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. 1979 ஏப்ரல் 15 அன்று மீண்டும் நிலம் அதிர்ந்தது. அதே ஆண்டில் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஆபத்துக்குள்ளானவற்றின் பட்டியலிலும் ஒருசேரச் சேர்த்தது. இரண்டாவதிலிருந்து நீக்க 2003 வரை ஆயிற்று. கோட்டைக்கு ஏறும் 1350 படிகளை எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் ஏறி இறங்க முடியாது. கல்தரையெங்கும் பூனைகள் மட்டும் அவசரமில்லாமல் படுத்திருந்தன.

புத்வாவில் அதே நிலநடுக்கத்துக்குப் பின் பழைய நகரை மீட்டெழுப்பியிருக்கிறார்கள். எங்களுக்கு வாய்த்தது கடைத்தெருவும் ஐஸ்கிரீமும். திரும்பும்போது லெபெட்டானே துறையில் பேருந்தையே படகில் ஏற்றி வளைகுடாவின் அக்கரை சேர்த்தார்கள்.

20 செப்டம்பர், வெள்ளி

டுப்ரோவ்னிக் மதிலின் வாசல்களுக்கு மேலே நகரத்தின் காவலரான புனித விளாஹோ நிற்கிறார். நேற்றுக் கோட்டோரில் பார்த்ததோ வெனிஸின் சிறகுள்ள சிங்கம். ஒன்றையொன்று நூற்றாண்டுக்கணக்கில் சந்தேகித்த இவ்விரு குடியரசுகளில் வெனிஸை 1797இல் நெப்போலியன் வீழ்த்தினார்; ரகூசாவை 1808இல் அவருடைய தளபதி மார்மோன் கலைத்தார். மூன்று ஊர்களை ஒரே நாளில் அடக்கியதில் இதையெல்லாம் சொல்ல வழிகாட்டிக்கு நேரமில்லை என்பது புரிகிறது. ஆனால் புத்வாவை விட்டிருந்தால் நேரம் இருந்திருக்கும். அடுத்த முறை கோட்டோருக்குச் சாதாரணப் பேருந்தில் போய், இரவு அங்கேயே தங்கி, வெயில் ஏறுமுன் படியேறலாம் என்று கணவர் சொல்கிறார். எனக்கும் சம்மதம்தான், பெராஸ்ட்டுக்கு ஒரு முழுக் காலைப்பொழுது ஒதுக்குவதாக இருந்தால்.