நாலரைக் கட்டை

அக்டோபர் 27

மிருதங்கப் பையைப் பிரித்ததும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். நேற்று ராத்திரி 5 கட்டைச் சுருதியில் வைத்தது, நாலரைக்குச் சற்று மேலே நிற்கிறது. மழை இன்னும் வரவில்லை. காற்றில் ஈரம் ஏறிவிட்டது, தோலுக்கு அதுவே போதும். பெரியவள் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டே, "அம்மா, இறங்கியிருக்கு இல்ல?" என்கிறாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் எப்படிக் கேட்டதோ.

அக்டோபர் 28

போட்டிக்கான கூத்து ஒத்திகை. சின்னவன் ரெண்டாவது பாட்டில் மேல் ஸ்தாயி தொடும் இடத்தில் குரல் ரெண்டாகப் பிளந்தது. பையன்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்ததிலிருந்து பேசவில்லை.

அக்டோபர் 30

சுருதி சேர்ப்பதை எழுதி வைக்கிறேன், நான் அவசரத்தில் தப்பாகச் செய்வதால்.

சுருதி பேசுகிற தலையான வலந்தலையில், வார் கோக்கிற கண் 16. ஒவ்வொரு கண்ணுக்கு நேரேயும் மோதிர விரலால் லேசாக அடக்கி, ஆள்காட்டி விரலால் ஓரத்தில் அடிக்க வேண்டும். எந்தக் கண் தாழ்ந்து ஒலிக்கிறதோ அங்கே தோலின் விளிம்புப் பின்னலின் மேல் ஒரு சின்ன மரக்கட்டையை வைத்துக் கல்லால் அடி. மேலிருந்து மிருதங்கத்தின் உடல் பக்கமாக அடித்தால் ஏறும். கீழிருந்து எதிர்ப்பக்கமாக அடித்தால் இறங்கும். ஒரு கண்ணை அடித்தால் அடுத்தது அதற்கு நேர் எதிர்க் கண். வரிசையாகச் சுற்றிக்கொண்டு போனால் ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் தொய்ந்து, தம்புராவோடு எந்தக் கண்ணும் ஒட்டாது. நான் செய்வது அதைத்தான். பெரியவள் ஒன்றும் சொல்வதில்லை, கல்லை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள்.

கல் செய்யாற்று மணலில் பொறுக்கியது. ஒரு பக்கம் தட்டை, கைக்கு அடங்கும். கடையில் சுத்தியல் விற்கிறார்கள், அது பின்னலை நசுக்கும்.

நவம்பர் 1

மழை.

நவம்பர் 2

கூத்து வாத்தியார் சுருதியை 4 கட்டைக்கு இறக்கிவிட்டார். பையனைப் பார்த்து, "கத்தாத தம்பி, உடையற குரல மெரட்டினா அது திரும்பி வர்றதுக்கு நாளாகும்" என்றார். அவனுக்கு இருந்த நாலு பாட்டில் ரெண்டைப் பின்பாட்டுக்குக் கொடுத்தார். ஒன்றை வசனமாக்கினார். திரைக்குப் பின்னாலிருந்து பாடும் விருத்தம் மட்டும் அவனுக்கு.

ஆர்மோனியக்காரருக்கு 5-லிருந்து 4 என்பது விரலை நகர்த்துகிற வேலை. கூத்துக்கும் வாசிக்கிற பெரியவளின் மிருதங்கத்துக்கு ஒரு முழுக் கட்டை. அவளுடையது 22 அங்குலம், பெண் குரலுக்கென்று தோல் மூட்டு பிடித்தது. நாலரை வரை இறங்கும், தொனி நிற்கும். 4-க்கு இறக்கினால் ஓரத் தோலான மீட்டில் நாதம் செத்து, தகரத்தைத் தட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது. போட்டியில் கூத்து நடக்கிற அன்றைக்கே அவளுடைய தனிவாசிப்பும். தனிக்கு 5, கூத்துக்கு 4. நடுவில் ஒரு மணி நேரம்.

நவம்பர் 3

இரவல் கேட்டுப் பார்த்தாயிற்று. வாத்தியாரின் கூத்துக் குழுவான ஜமாவின் மிருதங்கம் 24 அங்குலம், அவள் மடிக்கு மீறியது. அதில் வலந்தலை நடுவிலுள்ள கறுப்பு, சாதம், அது வேறு ஓரத்தில் பெயர்ந்திருக்கிறது. அந்தக் கறுப்பு, கிட்டான் கல்லைப் பொடித்து வடித்த சோற்றோடு பிசைந்து, பூச்சு மேல் பூச்சாகத் தேய்த்து ஏற்றுவது. அதில் தெரியும் மயிரிழை வெடிப்புகள் பழுதில்லை, தேய்க்கும்போதே விழுபவை, தொனிக்கு அவை வேண்டும். சில்லாகப் பெயர்வதுதான் பழுது. அதற்கப்புறம் 'ஜ்ஜ்' என்று ஒரு வண்டு உள்ளே உட்கார்ந்துகொள்ளும்.

நவம்பர் 5

தனிவாசிப்புக்கு 5 நிமிஷம். நிமிஷத்துக்கு 80 எண்ணிக்கை என்றால் 8 எண்ணிக்கையுள்ள ஆதி தாளம் ஒரு சுற்று, அதாவது ஒரு ஆவர்த்தனம், 6 விநாடி, மொத்தம் 50 ஆவர்த்தனம். வாசிக்கிற பகுதிகள்: சர்வலகு 16, திஸ்ரம் 12, பரன் 12, மோரா 4, கோர்வை மூன்று தரம் 6. இந்தப் பங்கீடு அவளே போட்டது.

பதற்றத்தில் 90-க்கு ஓடினால் நாலரை நிமிஷத்துக்குள்ளேயே முடிந்துவிடும். மேடையில் எல்லாப் பிள்ளைகளும் ஓடுவார்கள், அதுவும் மூன்று மூன்றாக நடக்கிற திஸ்ரத்திலிருந்து நாலு நாலான சதுஸ்ரத்துக்குத் திரும்புகிற இடத்தில். அந்த இடத்தில் காலைத் தட்டாதே, மனசுக்குள் தாளத்தின் வீச்சைப் போடு என்கிறார் மிருதங்க சார். அவள் தட்டுகிறாள்.

நவம்பர் 6

விருத்தம் இன்றைக்கு நன்றாக வந்தது. முதல் வரி மட்டும்.

நவம்பர் 8

முடிவில் மூன்று தரம் வாசிக்கிற கோர்வை. இதை இங்கே எழுதாமல் விட்டால் எனக்கே மறந்துவிடும்.

தகதிமிதகிட 7, தகதகிட 5, தகிட 3. ஆக 15. பிறகு ததிகிணதொம் மூன்று, இடைவெளி 2, மறுபடி மூன்று, இடைவெளி 2, மறுபடி மூன்று. 45-ம் 4-ம் 49. மொத்தம் 64. எண்ணிக்கைக்கு நாலாக ரெண்டு ஆவர்த்தனம், தாளம் தொடங்குகிற சமத்தில் எடுத்துச் சமத்தில் விழும். ரெண்டாவது இடைவெளியைத் தின்றுவிட்டால் அரை எண்ணிக்கை முன்னாலேயே விழுந்து கிடப்போம். கேட்கிறவர்களுக்கு ஏதோ தடுக்கினது தெரியும், எது என்று தெரியாது.

இது சார் கொடுத்தது. சாயங்காலம் பஜனையில் வாசிக்கப் போனவளுக்கு, பாட்டு சமத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளி எடுக்கிற பாட்டாக அமைந்துவிட்டது. பாட்டு எடுக்கிற இடத்திலிருந்தே கோர்வையைத் தொடங்கினால் அந்த இடத்திலேயே வந்து சேரும், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். இவள் சமத்திலேயே எடுத்தாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பாட்டு எடுக்கும் இடத்தில் போய்ச் சரியாக உட்கார்ந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "இடைவெளிய மூணு மூணா வெச்சிட்டேம்மா. 66 வந்துடும்ல."

15, 45, 6. ராத்திரி பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். 66.

சாரிடம் சொல்லவில்லையாம். சொல்லட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்கிறாள்.

நவம்பர் 9

சின்னவனுக்கு வேஷத்துக்கான மரக்கட்டை அணிகள் வந்தன. கிரீடம், ரெண்டு புஜக்கட்டை, மார்ப்பதக்கம். கல்யாணமுருங்கை மரம், அதனால்தான் இந்த அளவுக்குப் பாரம் இல்லை. அப்படியும் நான்கு கிலோவுக்குக் குறையாது. பெரிய ஆளுக்குச் செய்தது. அவன் தலைக்குள் கிரீடம் நாட்டியம் ஆடுகிறது.

பஞ்சு வைத்து அடைத்தது தப்பு. வியர்வையில் அமுங்கி, ரெண்டாவது கிறிக்கியில், அந்தச் சுழலில், கிரீடம் புருவத்துக்கு வந்துவிட்டது. வாத்தியார் சொன்ன முறை: பழைய பருத்தி வேட்டியை நனைத்துப் பிழிந்து நெற்றியிலிருந்து பின்மண்டைக்கு மூன்று சுற்று, முடிச்சு பின்னால். ஈரத்துணி வழுக்காது. அதன்மேல் கிரீடம். கயிறு காதுக்குப் பின்னால் இறங்கித் தாடைக்கடியில் முடிய வேண்டும், ஆனால் வாய் திறந்து பாடிக்கொண்டே முடிய வேண்டும். வாயை மூடிக்கொண்டு கட்டினால் விருத்தம் பாடும்போது கழுத்தை அறுக்கும். அறுத்தது. சிவப்புக் கோடு இன்னும் இருக்கிறது, மஞ்சள் தடவினேன்.

இடுப்புக்கு அடியில் பழைய புடவைகளைத் திரித்துச் சுற்றினால்தான் பாவாடை விரிந்து நிற்கும். என் புடவை மூன்று போயிற்று. அவன் சுழலும்போது குடை மாதிரி எழும்புகிறது. போகட்டும்.

நவம்பர் 11

கூத்துக்குப் பேர்போன புரிசைப் பக்கத்தில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்து நிமிஷ அபிமன்னன் சண்டை என்பது மோரில் தண்ணீர் கலந்து, தண்ணீரில் மோர் கலந்த கதை. கூத்தைத் தொடங்கிவைக்கிற கோமாளி, கட்டியங்காரன், வந்து வணக்கம் சொல்லவே அங்கே அரை மணி நேரம். இங்கே அவனுக்கு 40 விநாடி. ஆனாலும் திரையை மட்டும் விடமாட்டேன் என்று வாத்தியார் நின்றுவிட்டார். ரெண்டு பேர் திரை பிடிக்க, பின்னால் சலங்கை மட்டும் கேட்டு, குரல் மட்டும் கேட்டு, கிரீடத்தின் உச்சி மட்டும் தெரிந்து... அந்த ஒரு நிமிஷம் போனால் அது கூத்து இல்லை, மாறுவேடப் போட்டி. சரியாகத்தான் சொல்கிறார்.

நவம்பர் 12

மழை. நாலேகால்.

நவம்பர் 13

அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்கள். கூடவே கூடாது. வெயிலும் கூடாது. தோல் சட்டென்று இழுக்கும், சாதம் அப்படி இழுக்காது, விட்டுப்போகும். 40 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி தள்ளித் தொங்கவிட்டிருக்கிறேன். அந்த அறையில் துணி காயப்போடக் கூடாது என்று உத்தரவு. இந்த மழையில் பள்ளிச் சீருடை எங்கே காயும் என்று யாரும் கேட்காதீர்கள்.

நவம்பர் 15

ரவை வைத்துக் கெட்ட கதை. மிருதங்கத்தின் மறுதலையான தொப்பிக்குப் பம்பாய் ரவை ரெண்டு கரண்டி, தண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் ஊறினால்தான் பிசின் பிடிக்கும். ஊறாமல் வைத்தால் மூன்றாம் பாட்டில் உருண்டு மடியில் விழும். தோலை முதலில் ஈரக்கையால் தடவி, நடுவில் எலுமிச்சையளவு அப்பி, வட்டமாக நீவ வேண்டும். கூடக்கூட இறங்கும். வலந்தலையின் கீழ் ஸட்ஜமம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக. வாசித்து முடித்ததும் மழுங்கின கரண்டிக் காம்பால் வழித்துவிட வேண்டும்.

நேற்று வழிக்கவில்லை. கரப்பான்பூச்சி ஓரத்தைக் கொறித்துவிட்டது. தோல் தப்பியது. அவள் அழுதாள், பதினாறு வயசுக்கு இந்த அழுகை கொஞ்சம் அதிகம். வழிக்க மறந்தது நான்.

ஒட்டுப்பசை மாதிரி ஒன்று விற்கிறது, கழுவ வேண்டாம், காயாது. தொப்பியின் குமுக்கி, அந்த வளைந்து உறுமுகிற நாதம், அதில் வராது என்கிறாள். நானும் ரெண்டையும் கேட்டுப் பார்த்தேன். வராது.

நவம்பர் 17

ஒத்திகையில் மைக் வைத்த பையன் வழக்கம்போல வலதுகைக்காரருக்கு வைக்கிற இடத்தில் வைத்துவிட்டான். இவள் இடக்கை. மிருதங்கம் திரும்பி இருக்கும், மைக்குக்கு நேரே தொப்பி. கூடம் முழுக்க 'தொம் தொம்', சொல் ஒன்றும் கேட்கவில்லை. "பாப்பா, நீ மாறி உக்காரேன்" என்றார் அங்கிருந்த ஒருவர். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளைகூட இடக்கைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் எழுந்து மைக் தண்டை எடுத்து அந்தப் பக்கம் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வலந்தலைக்கு ஒரு சாண் தள்ளி, ஓரத்தைப் பார்த்து, நடுவைப் பார்த்து அல்ல.

நவம்பர் 18

5-ம் 4-ம் தீரவில்லை. ஒரே நாளில் ஒரு முழுக் கட்டை ஏற்றி இறக்கினால் பின்னல் தளர்ந்துவிடும், அதற்குப் பிறகு அடிக்கு நிற்காது. மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவரும் அதையேதான் சொன்னார்.

நவம்பர் 19

சின்னவன் ராத்திரி தனியாக விருத்தம் பாடிக்கொண்டிருந்தான், குழம்பு கொதிக்கிற சத்தத்துக்குள். அவள் வந்து தம்புரா செயலியை நாலரையில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவன் பாடினான். மேல் வரியில் உடைந்தது. மறுபடி பாடினான், அந்த இடத்தைக் குரலில் தொடாமல் கீழிருந்து வளைத்துக்கொண்டு போனான். உடையவில்லை.

"ரெண்டுக்கும் நாலரை. தனிக்கு யார் பாடப்போறா, எந்தச் சுருதியா இருந்தா என்ன" என்றாள்.

5-ல் இருக்கிற கணீர் நாலரையில் இல்லை. அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், மதிப்பெண் போடுகிறவருக்கும் தெரியும். நான் குழம்பைக் கிண்டினேன்.

நவம்பர் 20

வாத்தியார் சம்மதித்துவிட்டார். ஆர்மோனியக்காரருக்குக் கறுப்புக் கட்டையில் விரல் போகாது என்று ஒரு முனகல்.

நவம்பர் 22

முகத்தில் பூசுகிற முத்துவெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து வைத்தாயிற்று. எண்ணெய் கூடினால் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கும், குறைந்தால் வெடிக்கும். அழிக்கும்போது முதலில் எண்ணெய், பிறகு கடலைமாவு, கடைசியில்தான் தண்ணீர். போன தடவை தண்ணீரை முதலில் ஊற்றி மூன்று நாள் இளஞ்சிவப்பாகப் பள்ளிக்கூடம் போனான்.

பையில்: கல், கட்டை, ரவை டப்பா, சின்னத் தண்ணீர் பாட்டில், கரண்டி, ரெண்டு பருத்தித் துணி, ஊக்கு, வெந்நீர் பிளாஸ்க், சலங்கைக்கு உபரிக் கயிறு.

நவம்பர் 23

நாளைக்கு.

நவம்பர் 24

4.50. ராத்திரி முழுக்க மழை, மின்சாரம் போய்விட்டது, பல்பு எப்போது அணைந்ததோ தெரியவில்லை. தட்டிப் பார்த்தேன். நாலுக்கும் கீழே. எழுப்பலாமா வேண்டாமா என்று நிற்கிறபோதே அவள் பாய்க்குள்ளிருந்து, "கல்லு எங்கம்மா?"

இருட்டில் அடிக்கிறாள். எதிர்க் கண், எதிர்க் கண். சின்னவன் எழுந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் வாய்க்குள் ஸட்ஜமம் பிடித்துக் காட்டுகிறான். பதினோரு கண் வரை எண்ணினேன்